கண்டுபிடிக்கிற கூலி

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லையாம். இறங்கும்போதுதான், வளைவின் நடுவில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்த நொடியில், வண்டியின் பின்பக்கம் ஒரு விரற்கடை வெளியே நகர்ந்துவிட்டு மறுபடி வந்து அமர்கிறது. "பின்னாடி இன்னொருத்தன் தனியா ஒரு ஸ்டியரிங் பிடிச்சிருக்கற மாதிரி இருக்குதுங்கண்ணா" என்றார் உரிமையாளர். மேஸ்திரி சிரிக்கவில்லை. "வலது வளைவுலயா, இடது வளைவுலயா?" என்று மட்டும் கேட்டார்.

கோவை கணபதியில் லேத் பட்டறைகளும் ஃபவுண்டரிகளும் தோளோடு தோள் உரசி நிற்கும் சந்து ஒன்றில் இருக்கிறது அந்தப் பட்டறை. பெயர்ப்பலகை கிடையாது. வேறு பட்டறைகளில் பார்த்துத் தீராத வண்டிகள்தான் பெரும்பாலும் இங்கே வருகின்றன. அன்று வந்திருந்தது ஒரு போர்ஷே பாக்ஸ்டர். 987 என்று குறிக்கப்படும் தலைமுறை, இரண்டே இருக்கை. எஞ்சின் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னாலும் பின் அச்சுக்கு முன்னாலுமாக நடுவில் உட்கார்ந்திருக்கிறது. எடை நடுவில் குவிந்திருப்பதால் வண்டி சொன்ன பேச்சுக்குத் திரும்பும். அதே காரணத்தால், பின்பக்கம் பிடி விட்டால் சட்டென்று சுழன்றும் விடும். மூன்று கை மாறிய வண்டி. முதல் சில வருடங்கள் கடலோர நகரம் ஒன்றில் ஓடியிருக்கிறது.

இங்கே வருவதற்கு முன்பே உரிமையாளர் நிறையச் செலவழித்திருந்தார். பின் டயர்கள் இரண்டும் புதுசு. இரண்டு இடங்களில் வீல் அலைன்மென்ட் செய்து, கம்ப்யூட்டர் அச்சிட்டுத் தந்த தாள்களைக் கோப்பில் போட்டு வைத்திருந்தார். எல்லாக் கட்டமும் பச்சை. மேஸ்திரி தாள்களைப் பார்த்துவிட்டு டீ கிளாஸுக்கு அடியில் வைத்தார். "நிக்கற வண்டிக்கு எல்லாம் பச்சையாத்தானுங்க வரும். நின்ன வண்டி எதுவும் தடுமாறாது."

அடுத்த அரை மணி நேரம் யாரும் ஸ்பேனரைத் தொடவில்லை. கேள்விகள்தான். கால் வைத்திருக்கும்போது வருகிறதா, எடுக்கும்போதா? ஈர ரோட்டிலும் உண்டா? ஒரு பள்ளத்தில் விழுந்த பிறகு ஆட்டம் ஒரே தடவையில் அடங்குகிறதா, இரண்டு மூன்று தடவை குதிக்கிறதா? நெடுஞ்சாலையில் லாரியைத் தாண்டும்போது காற்று தள்ளுகிறதா? நேர் ரோட்டில் ஸ்டியரிங் நேராக இருக்கிறதா? உரிமையாளர் யோசித்து யோசித்துப் பதில் சொன்னார். ஸ்டியரிங் ஒரு பொட்டு இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. குறை வலது வளைவில்தான் அதிகம். கால் எடுக்கும்போது மட்டும்.

பதில்களிலேயே பாதி வழக்கு முடிந்திருந்ததை நான் பிறகுதான் புரிந்துகொண்டேன். வளைவில் ஆக்ஸிலேட்டரை விட்டால் வண்டியின் பாரம் முன்பக்கம் சாயும். பின் டயர்களின் மேல் அழுத்தம் குறையும், பிடியும் குறையும். இது எல்லா வண்டிக்கும் உண்டு. அதைச் சமாளிக்கத்தான் பின்சக்கரங்களின் முன்விளிம்பு மயிரிழை அளவு உள்நோக்கி இருக்கும்படி வைத்திருப்பார்கள். டோ-இன் என்பது அதுதான். வலது வளைவில் பாரம் தாங்குவது இடது பின்சக்கரம். அதைப் பிடித்திருக்கும் கம்பிகளில் ஏதாவது ஒன்று தளர்ந்து, அந்த நேரத்தில் சக்கரம் வெளிநோக்கித் திரும்பினால், உரிமையாளர் சொன்ன அந்த 'இன்னொரு ஸ்டியரிங்' உண்மையாகவே வேலை செய்யத் தொடங்கிவிடும். வண்டியைத் தூக்குவதற்கு முன்பே சந்தேகம் இடது பின் மூலையில் போய் நின்றுவிட்டது.

ஆனாலும் மேஸ்திரி நேராக அங்கே போகவில்லை. காசு செலவில்லாத சோதனைகள் முதலில். டயர் சூடாவதற்கு முன் காற்றழுத்தம். பிறகு டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கங்கள்: முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். முன் டயர்கள் எட்டு வயதைத் தாண்டியிருந்தன. ரப்பர் கல்லாகிவிட்டிருந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. முன்பக்கமும் கொஞ்சம் வழுக்கியதால்தான் பின்பக்கத்துக் குறை இத்தனை நாள் அடங்கி இருந்திருக்கிறது. உரிமையாளர் நல்ல எண்ணத்தில் முன்பக்கமும் புதுசு போட்டுவிட்டு மலை இறங்கியிருந்தால் கதை வேறு.

உதவியாளர் பையன் டிப்ளமோ முடித்தவன். அவனுடைய உள்ளங்கையைப் பிடித்து இடது பின் டயரின் மேல் வைத்தார் மேஸ்திரி. "உள்ளேருந்து வெளிய இழு கண்ணு. இப்ப வெளியருந்து உள்ள." ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் கையைக் கீறும் கூர். என் கையையும் வைத்துப் பார்த்தேன். ரம்பப் பல் மாதிரித்தான் இருந்தது. சக்கரம் நேராக உருளாமல் ரோட்டில் தேய்ந்துகொண்டே ஓடினால் புது டயரில் கூட சீக்கிரத்தில் இப்படி ஏறிவிடும். வலது பக்க டயரில் அந்தக் கீறல் இல்லை.

அடுத்து நூல் கட்டினார்கள். நைலான் நரம்பை நான்கு ஸ்டாண்டுகளில் வண்டியின் இரு பக்கமும் இழுத்துக் கட்டி, இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கிறதா என்று அளந்து, பிறகு ஒவ்வொரு சக்கரத்தின் முன்விளிம்பிலிருந்தும் பின்விளிம்பிலிருந்தும் நரம்புக்கு உள்ள தூரத்தை எஃகு அளவுகோலில் படிப்பது. மேஸ்திரி இதைப் படித்தது பந்தய மைதானத்தில். சிறுவயதில் சோழவரத்துக்கு லாரியில் போய், லாரிக்கு அடியிலேயே படுத்து எழுந்தவர் அவர். இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம் அது. பிறகு கோவையில் கரிவரதன் ஃபார்முலா மாருதி கார்களை வடிவமைத்த காலம் வந்தது. மாருதி 800-இன் எஞ்சினைப் போட்டு இங்கேயே செய்த ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகள் அவை. 1995-இல் விமான விபத்தில் இறந்த கரிவரதனுடைய பெயரில்தான் செட்டிப்பாளையத்துப் பந்தயத் தடம் இன்றும் இருக்கிறது. இந்த ஊரின் மோட்டார் பந்தயத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் நாராயண் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போனதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நரம்பு கட்டிக்கொண்டிருந்த கைகளைப் பற்றி எழுத ஆள் இல்லை.

18 அங்குலச் சக்கரத்தின் விளிம்பில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் என்பது கோணக் கணக்கில் சுமார் ஏழரை நிமிடம். ஒரு டிகிரியில் எட்டில் ஒரு பங்கு. கேட்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் பின்சக்கரத்துக்குத் தயாரிப்பாளர்கள் கொடுக்கும் மொத்தச் சலுகையே சில நிமிடங்கள்தான். முதலில் படித்த அளவு கம்ப்யூட்டர் தாளோடு ஒத்துப்போனது. பையன் முகத்தில் ஒரு சின்ன வெற்றி. அப்புறம் மேஸ்திரி கைபிரேக்கைப் பாதி இழுத்துவிட்டு, இரண்டு பேரை விட்டு வண்டியை முன்னால் தள்ளச் சொன்னார். பின்சக்கரம் இழுத்துப் பிடிக்க, வண்டி முனகிக்கொண்டு ஒரு முழம் நகர்ந்தது. மறுபடி அளவு. இடது பின்சக்கரம் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் மாறியிருந்தது. வண்டியை எதிர்ப்பக்கம் தள்ளினார்கள். அளவு திரும்பி வந்துவிட்டது. வலது பக்கம் இரண்டு முறையும் அசையவில்லை.

பச்சைத் தாள் பொய் சொல்லவில்லை. சக்கரம் வந்து நின்ற இடத்தை அது அப்படியே எழுதியிருக்கிறது. மெஷின் மேல் ஏறும்போது வண்டி எப்படி உருண்டு வந்து நின்றதோ, அதைப் பொறுத்து அந்த இடம் மாறும். முன்பு பார்த்த இடத்தில் ஸ்டியரிங் கோணலை முன்சக்கரங்களைத் திருப்பிச் சரிக்கட்டப் பார்த்திருக்கிறார்கள். நான்கு சக்கர அலைன்மென்ட் பின்னாலிருந்துதான் தொடங்க வேண்டும். பின் அச்சு ஒரு பக்கம் தள்ளினால், நேரே போவதற்கு முன்சக்கரம் எப்போதும் கொஞ்சம் திரும்பியேதான் இருக்க வேண்டியிருக்கும்.

இதற்குப் பிறகுதான் வண்டியைக் குழி மேல் ஏற்றினார்கள். லிஃப்ட் இருந்தும் குழி. லிஃப்டில் தூக்கினால் சக்கரங்கள் தொங்கும். தொங்கும் பாரமே மூட்டுகளை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்து ஆட்டத்தை மறைத்துவிடும். குழியில் சக்கரம் தரையில் நின்று பாரம் தாங்குகிறது. மேலே பையன் சக்கரத்தைப் பக்கவாட்டில் இழுத்து இழுத்து விட, கீழே மேஸ்திரி ஒவ்வொரு மூட்டின் மேலும் விரலை வைத்துக்கொண்டே வந்தார். வெளிமுனை பால் ஜாயின்ட், ஒன்றுமில்லை. கீழ்க் கை, ஒன்றுமில்லை. டோவை நிர்ணயிக்கும் கம்பியான டோ லிங்க்கின் உள்முனை ரப்பர் புஷ்ஷில் விரல் நின்றது. "இங்க வைங்க சார்." கண்ணுக்கு முழுசாகத் தெரிந்த ரப்பர், விரலுக்கு அடியில் ஒரு சின்னத் துடிப்பு. நெம்புகம்பியைக் கொடுத்துத் தள்ளியதும் ரப்பருக்கும் நடுக்குழலுக்கும் இடையில் வாய் திறந்தது. உள்ளேயே பிரிந்துவிட்டிருக்கிறது. ஷாக் அப்சார்பரிலும் எண்ணெய் கசிந்திருந்தது, ஆனால் அது இரண்டாவது குற்றவாளிதான்.

பக்கத்து லேத் உரிமையாளர் இதற்குள் வந்து எட்டிப் பார்த்தார். "குடுங்கண்ணா, டெல்ரின் பிளாஸ்டிக்ல ஒண்ணு கடைஞ்சு தர்றேன். சாகற வரைக்கும் ஆடாது." பந்தய வண்டிக்கு அது சரி. அங்கே ரப்பரே இல்லாமல் இரும்பு மூட்டு போடுவார்கள். மேஸ்திரி மறுத்துவிட்டார். ரோட்டு வண்டியில் ரப்பர் இருப்பது சொகுசுக்கு மட்டும் அல்ல. எந்தத் திசையில் எவ்வளவு அமுங்க வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்தது என்பது அவர் வாதம்.

வரலாறு அவர் பக்கம்தான். போர்ஷேவின் பழைய 911-க்கு எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கியது. வளைவில் காலை எடுத்தால் வால் முன்னால் வந்துவிடும் என்ற பேர் அதற்கு உண்டு. 1977-இல் 928 காரை வெளியிட்டபோது அந்த நிறுவனத்தின் பொறியாளர்கள் பின் அச்சில் ஒரு தந்திரம் செய்தார்கள். காலை எடுக்கும்போது சக்கரம் பின்னால் இழுபடும் அல்லவா, அந்த இழுப்பாலேயே அது உள்நோக்கித் திரும்பும்படி மூட்டுகளை அமைத்தார்கள். வைஸாக் ஆக்ஸில் என்று, அவர்களுடைய ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். தளர்ச்சியையே பாதுகாப்பாக மாற்றிய வேலை அது. கண்ட இடத்தில் கெட்டி புஷ் போடுகிறவர்கள் அந்தக் கணக்கின் ஒரு பகுதியை அழித்துவிடுகிறார்கள் என்பதே என் எண்ணமும். பெரிய நிறுவனங்களும் இந்த இடத்தில் சறுக்கியிருக்கின்றன. 1998-இல் வந்த முதல் ஆடி டிடி, ஜெர்மனியில் அதிவேக விபத்துகள் நடந்த பிறகு திரும்ப அழைக்கப்பட்டு, பின்னால் ஒரு ஸ்பாய்லரும் சஸ்பென்ஷன் மாற்றங்களும் பெற்றது.

புது டோ லிங்க் வந்து சேரச் சில வாரங்கள் ஆயின. பழையதைக் கழற்றுவதுதான் பெரும்பாடாய்ப்போனது. டோவைத் திருத்தும் கேம் போல்ட் உள்குழலோடு துருப்பிடித்து ஒன்றாகியிருந்தது. கடலோர வாசத்தின் மிச்சம். எண்ணெய் விட்டு, சூடு காட்டி, கடைசியில் ரம்பம் வைத்து அறுத்தார்கள். அதுவரை அந்த மூலையில் டோவை யாரும் உண்மையில் திருத்தியிருக்கவே முடியாது. ஷாக் அப்சார்பர் ஒரு பக்கம் மட்டும் மாற்றக்கூடாது என்பதால் இரண்டுமே மாறின. எட்டு வயது முன் டயர்களும் போயின.

மாட்டும்போது ஒரு சின்னச் சண்டை. பையன் தொங்கும் நிலையிலேயே போல்ட்டுகளை முறுக்கப் போனான். மேஸ்திரி கையைத் தட்டிவிட்டார். புஷ்ஷின் ரப்பர் குழலோடு ஒட்டியே வருகிறது. சக்கரம் தொங்கும்போது முறுக்கினால், வண்டி தரையில் உட்கார்ந்ததும் ரப்பர் நிரந்தரமாகத் திருகியே கிடக்கும். அந்தத் திருகலிலேயே சீக்கிரம் கிழியும். முதல் புஷ் கிழிந்ததற்குக் கூட இதுதான் காரணமாக இருக்கலாம் என்று அவர் சந்தேகப்படுகிறார். ஓட்டுபவர் இருக்கையில் மணல் மூட்டையைச் சாய்த்துவைத்து, வண்டியைத் தரைப் பாரத்தில் நிறுத்தி, டார்க் ரென்ச்சால் முறுக்கினார்கள். பிறகு நரம்பு, பிறகு கம்ப்யூட்டர். கம்ப்யூட்டரை அவர் வெறுக்கவில்லை. அதை இயக்கத் தெரிந்ததால்தான் அந்தப் பையனை வேலைக்கு வைத்திருக்கிறார். "அவன் கணக்குல என்னைவிடக் கெட்டி. விரல்தான் இன்னும் வரல."

ஓட்டிப் பார்ப்பதைப் பொதுச் சாலையில் அவர் வேகமாகச் செய்வதே இல்லை. காலி மைதானம் ஒன்றில், 40 கிலோமீட்டர் வேகத்தில் வட்டம் போட்டு, வட்டத்தின் நடுவே காலை எடுத்து எடுத்துப் பார்த்தார். இடமிருந்து வலம், வலமிருந்து இடம். உரிமையாளர் அடுத்த ஞாயிறு வால்பாறை போய் வந்து, பின்பக்கம் பேசாமல் வருகிறது என்று போன் செய்தார்.

பில்லை நான் பார்த்தேன். டோ லிங்க், ஷாக் அப்சார்பர், டயர், போல்ட், அலைன்மென்ட், மாட்டிய கூலி எல்லாம் தனித்தனி வரிகளில் இருந்தன. கேள்வி கேட்ட அரை மணி நேரம், நரம்பு கட்டிய மதியம், குழியில் விரலோடு கிடந்த நேரம் எதற்கும் வரி இல்லை. போட்டால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவாராம். "பொருளுக்குக் குடுப்பாங்க சார். பார்த்ததுக்கு எதுக்குங்கறாங்க." இதனால் நடப்பது என்னவென்றால், கண்டுபிடிக்கத் தெரியாதவர் பொருளை மாற்றி மாற்றிச் சம்பாதிக்கிறார், ஒரே ஒரு புஷ்ஷோடு வேலையை முடிக்கத் தெரிந்தவருக்கு ஒரு புஷ்ஷின் லாபம்தான். பாக்ஸ்டர்காரர் முன்பு வீணாக்கிய தொகை, இங்கே கொடுத்த மொத்தக் கூலியைவிட அதிகம்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் எண்ணம் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெயின்ட்டையும் ஓடிய கிலோமீட்டரையும் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். இப்படி ஒருவரிடம் கொண்டுபோய், சக்கரம் தரையில் நிற்கும்படி குழி மேல் நிறுத்தி, பின்பக்க மூட்டு ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றுமில்லை என்று அவர் சொன்னாலும், அந்த நேரத்துக்கான கூலியைக் கேட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள்.