கையில் வந்த மீன் எது?



மீன் பிடிக்கத் தெரிந்தவர்கள் பலர். பிடித்த மீன் இன்னதென்று சொல்லத் தெரிந்தவர்கள் சிலரே. இந்த வாரம் இதைக் குறித்தே உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சில காலத்திற்கு முன், நமது வாலிபர் சிலரை அழைத்துக்கொண்டு தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிச் சேத்துப்பட்டுக்குச் சென்றேன். ரயில் நிலையத்தை அடுத்துள்ள ஏரியை மீன்வளத்துறை சீரமைத்து, 2016-ஆம் ஆண்டு பசுமைப் பூங்காவாகத் திறந்தது. படகு விடவும் தூண்டில் போடவும் அங்கே இடம் ஒதுக்கினார்கள். நமது பிள்ளைகளில் ஒருவனுக்கு முதலில் சிக்கியது ஜிலேபி மீன். "ஐயா, பாவம், விட்டுவிடலாமா?" என்று கேட்டான். அருகில் தூண்டிலோடு அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, முதல்ல அது என்ன மீனுன்னு பாரு. அப்புறம் விடுறதா வேண்டாமான்னு யோசி" என்றார். அன்று நான் கேட்ட பிரசங்கம் அதுதான்.

அவர் மீன்களை அடையாளம் காணக் கற்றுக்கொடுத்தார். நமது நாட்டுக் கெளுத்திக்கு முதுகில் முள்ளோடு கூடிய குட்டையான துடுப்பு ஒன்று உண்டு. அதன் பின்னே, வாலுக்கு முன்பாக, சதைப்பற்றான மற்றொரு சிறு துடுப்பு இருக்கும். தேளிக்கு முதுகுத் துடுப்பு மிகச் சிறியது. ஆனால் அதன் பக்கத் துடுப்பின் முள்ளில் நஞ்சு இருப்பதால், அறியாதவர் கைவைத்தால் துடிதுடித்துப் போவார். ஆப்பிரிக்கக் கெளுத்தியின் முதுகுத் துடுப்போ தலைக்குச் சற்றுப் பின்னே தொடங்கி ஏறக்குறைய வால்வரை நீண்டிருக்கும். அந்த இனத்தைச் சேர்ந்த நம் நாட்டு மீனொன்றுக்கும் அப்படியே நீண்ட துடுப்பு உண்டு; ஆகையால் ஐயம் வந்தால் அறிந்தவரிடம் கேட்பதே நலம். ஆப்பிரிக்கக் கெளுத்தி ஒரு மீட்டருக்கும் மேலாக வளரும், கிடைத்ததையெல்லாம் விழுங்கும், நாட்டு மீன்களை அழித்துவிடும் என்பதால் அதை வளர்ப்பது இந்தியாவில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. மீசை வைத்த மீன் என்று மாத்திரம் பார்ப்பவருக்கு இவை யாவும் ஒன்றே.

விராலைப் பற்றியும் அவர் சொன்னார். விரால் தன் குஞ்சுகளை விட்டு அகலாது. செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக நீரின் மேற்பரப்பில் குமிழியிட்டு வரும்போது, தாயும் தகப்பனும் கீழே காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தின் நடுவே தூண்டிலைப் போட்டால், பெரிய விரால் பாய்ந்து கவ்வும். பசியினால் அல்ல, பிள்ளைகளைக் காப்பதற்காக. அப்படிப் பிடித்தவர் ஒரு மீனோடு வீடு திரும்புவார். காவலற்ற குஞ்சுகளோ மற்ற மீன்களுக்கும் பறவைகளுக்கும் இரையாகிவிடும். "அந்த நேரத்துல நான் விரால் பக்கம் தூண்டில் போடமாட்டேன்" என்றார் அந்த முதியவர். மீனை அறிந்தவருக்கே எப்போது பிடிக்கக் கூடாது என்பதும் தெரிகிறது.

இதற்குப் பின்பு நமது சபையின் சகோதரி ஒருவர் என்னிடம் வந்தார். வீடு மாறுகிறார்கள், கண்ணாடித் தொட்டியை எடுத்துச்செல்ல இயலாது. தொட்டியைச் சுத்தம் செய்வதற்காக வாங்கிய சக்கர் மீன் முழங்கை நீளம் வளர்ந்துவிட்டது. "கொல்ல மனம் வரவில்லை, ஐயா. நம்ம ஏரியிலே விட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளும் அல்லவா?" என்றார். அவருடைய கண்களில் இருந்தது மெய்யான இரக்கம். ஆனால் அந்த மீன் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. கவசம் போன்ற தோலுடையதால் நம் நீர்நிலைகளில் அதை எதிர்ப்பது மிகக் குறைவு. கரையைக் குடைந்து வளை தோண்டும், வலைகளைக் கிழிக்கும், நாட்டு மீன்களின் உணவையும் இடத்தையும் பறிக்கும். அன்றியும் நம் பகுதியின் ஏரிகள் தனித்தனிக் குட்டைகள் அல்ல. செம்பாக்கம் ஏரியின் உபரிநீர் நன்மங்கலம் வழியாகப் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தைச் சேர்கிறது. மழைக்காலத்தில் ஓரிடத்தில் விட்ட மீன் எங்கே போய்ச் சேரும் என்று யார் அறிவார்? ஒரு மீனுக்குக் காட்டும் இரக்கம் பல்லாயிரம் மீன்களுக்கு இரக்கமின்மையாகிவிடும். இதை விளக்கியபோது சகோதரி கேட்டுக்கொண்டார். மீன் விற்கும் கடைக்காரர் ஒருவரே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

பிரியமானவர்களே, மத்தேயு 13-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் சொன்ன வலையின் உவமையை நினைத்துப் பாருங்கள். சகலவிதமான மீன்களும் வலையில் வந்தபின், மீனவர்கள் கரையில் உட்கார்ந்து அவற்றை வகைபிரிக்கிறார்கள். உட்கார்ந்து செய்யும் வேலை அது. அவசரத்தில் செய்யக்கூடியது அல்ல. உவமையில் கடைசிப் பிரிப்பு தேவதூதருக்குரியது. மனிதரைப் பிரித்துத் தள்ளும் அதிகாரம் நமக்கு இல்லை. ஆயினும் அந்த மீனவர்களின் பொறுமை நமக்கும் வேண்டும்.

இன்னுமொரு காரியம் உங்களுக்கு வியப்பளிக்கலாம். நாம் ஆப்பிரிக்கக் கெளுத்தி என்று அழைக்கும் அதே மீன் கலிலேயாக் கடலில் இயல்பாகவே வாழ்கிறது. செதிலில்லாத மீனாகையால், லேவியராகமச் சட்டத்தின்படி யூத மீனவர் அதை உண்ணாமல் விலக்கினார்கள். இன்று அங்கே செல்லும் பயணிகளுக்குப் பேதுருவின் மீன் என்று பரிமாறப்படுவது நம் ஜிலேபியின் உறவினமே. அந்த ஜிலேபியும் நம் நாட்டு மீனன்று. 1952-ஆம் ஆண்டு இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. தன் குஞ்சுகளை வாயிலேயே வைத்துக் காக்கும் தாய் அது. ஆகவே எந்த மீனும் தன்னில் தீயதல்ல. தேவன் வைத்த நீரில் ஒவ்வொன்றும் நல்லதே. யோசியாமல் இடம் மாற்றிய மனிதக் கைகளே தீங்கை உண்டாக்கின.

நமது இரக்கமும் அப்படியே. கடனில் தவிக்கும் சகோதரனிடம் அவனுடைய நிலைமையை ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேளாமல், இன்னொரு கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம். நம் மனம் இளைப்பாறுகிறது. அவன் கழுத்தில் சுமை கூடுகிறது. அன்பு உருகுவதற்கு முன் அறிய வேண்டும் என்பதில்லை. ஆனால் கை நீட்டுவதற்கு முன் அறிந்தே ஆக வேண்டும். இந்த வாரத்தில் நீங்கள் உதவ நினைக்கிற ஒருவரிடம், முதலாவது அருகில் உட்கார்ந்து கேளுங்கள்.

அறிவோடு கூடிய அன்பைக் கர்த்தர் நம் ஒவ்வொருவருக்கும் அருளுவாராக. ஆமென்.