விசையா, கட்டாயமா, வற்புறுத்தலா?

'ஃபோர்ஸ்' என்ற ஆங்கிலச் சொல் எங்கள் வீடுகளில் தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. "சாப்பிடச் சொல்லி ஃபோர்ஸ் பண்ணாதீங்க" என்று தம்பி சொல்வான். "கல்யாணத்துக்கு வரச் சொல்லி மாமி ஃபோர்ஸ் பண்ணினா" என்று உம்மா சொல்வார். ஆங்கிலம் படிக்காத மூத்தம்மாவுக்கும் அது விளங்கும். ஆனால், அதற்குத் தமிழ் என்ன என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது.

பௌதிகவியல் வகுப்பில் அது 'விசை'. ஒரு கிலோகிராம் சீனியைப் பூமி ஏறத்தாழ 9.8 நியூட்டன் விசையுடன் தன்னை நோக்கி இழுக்கிறது. செய்தியில் அது 'படை'. விமானப்படை, விசேட அதிரடிப்படை என்று கேட்டிருப்பீர்கள். பொருளியல் படிக்கும் தோழிகளுக்கு, வேலை செய்வோரும் வேலை தேடுவோரும் சேர்ந்தது 'ஊழியப்படை'. ஒரு குறித்த பணிக்காக அரசாங்கம் நியமிக்கும் குழு 'செயலணி'. சட்டத்தோடு சேரும்போது அது 'அமுல்'. 2020 மார்ச்சில் ஊரடங்குச் சட்டம் அமுலில் உள்ளது என்று வானொலி அறிவித்தபோது நாங்கள் சிறுபிள்ளைகள். அமுல் என்பது அரபியின் 'அமல்' என்ற சொல்லிலிருந்து வந்தது. நல்லமல் என்று நாம் சொல்கிறோமே, அதே சொல்தான். காகிதத்தில் உள்ள சட்டம் செயலாக மாறினால் அது அமுலுக்கு வந்துவிட்டது என்கிறோம்.

மனிதர்களுக்கிடையே என்று வரும்போது தமிழ் இன்னும் கவனமாகப் பிரித்துப் பேசுகிறது. கையைப் பிடித்து இழுத்தால் பலவந்தம். வேறு வழியே இல்லாமல் ஆக்கினால் நிர்ப்பந்தம். விதியாக வைத்தால் கட்டாயம். திரும்பத் திரும்பச் சொன்னால் வற்புறுத்தல். விருப்பத்தோடு கூப்பிட்டால் வருந்தி அழைத்தல். நமக்குள் ஏற்கெனவே இருக்கும் ஆசைக்குக் கை கொடுத்தால் ஊக்குவித்தல். கல்யாணத்துக்கு மாமி செய்தது வருந்தி அழைத்தல் மட்டுமே. "ஃபோர்ஸ் பண்ணினா" என்று சொல்லும்போது இவை எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

கலந்தால் என்ன நட்டம் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் இது வெறும் சொல் விளையாட்டாகத்தான் இருந்தது, என் தோழி படிப்பை நிறுத்தும் வரை.

எங்கள் நாட்டில் 5 வயதிலிருந்து 16 வயது வரை கல்வி கட்டாயம். 2016க்கு முன்னர் அந்த எல்லை 14ஆக இருந்தது. சாதாரண தரப் பரீட்சை வரையாவது பிள்ளைகள் பாடசாலையில் இருக்க வேண்டும் என்பதற்கு அந்த இரண்டு வருடங்கள் உதவுகின்றன. எனக்கு இப்போது 17 வயது. அப்படியென்றால், என்னை வகுப்பறையில் இருத்தி வைக்கும் சட்டம் எதுவும் இன்று இல்லை. நானும் என் வகுப்புத் தோழிகளும் இங்கே இருப்பது வேறு விசைகளால்.

என் தோழி எங்களோடு சாதாரண தரம் எழுதினாள். கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் ஏ சித்தி. உயர்தரத்துக்கு அவள் வரவில்லை. அவளைப் பார்க்க நாங்கள் போனபோது அவளுடைய உம்மா தேநீர் தந்து, கவலையோடுதான் சொன்னார்: "நாங்க அவள ஃபோர்ஸ் பண்ணல்ல மகள். அவள்ட விருப்பத்துலதான் நின்டா."

அவர் பொய் சொல்லவில்லை. பலவந்தம் இல்லை, கட்டாயம் இல்லை, யாரும் வற்புறுத்தவும் இல்லை. ஆனால், பேசப் பேச வேறு விடயங்கள் வெளியே வந்தன. அவளுடைய ஊரிலிருந்து இங்கே வர இரண்டு பஸ் மாற வேண்டும். டியூஷன் முடிந்து வீடு சேர மஃரிப் தாண்டிவிடும். தம்பியின் வகுப்புக் காசும் இருக்கிறது. பெரியாப்பா ஒருநாள், "பொம்புளப் புள்ளைக்கு இவ்வளவு படிப்பு போதுமே" என்று சிரித்துக்கொண்டு சொன்னாராம். உம்மாவுக்கு முழங்கால் வருத்தம். நல்ல இடம் ஒன்றும் பேசி வருகிறதாம்.

இணைந்த கணிதத்தில் முதலில் படிப்பதே, விசை ஒரு காவிக் கணியம் என்பதுதான். அதற்குப் பருமனும் உண்டு, திசையும் உண்டு. ஒரு பொருளின் மீது பல சிறிய விசைகள் தாக்கும்போது எல்லாவற்றையும் சேர்த்து விளையுளைக் காண வேண்டும். ஓய்விலிருக்கும் பொருள் தானாக நகராது. நகர்ந்தால், விளையுள் பூச்சியம் அல்ல. பஸ்ஸும் காசும் முழங்காலும் பெரியாப்பாவின் சிரிப்பும் தனித்தனியே பார்த்தால் மிகச் சிறியவை. எல்லாம் ஒரே திசையில் தாக்கியதால்தான் அவள் நகர்ந்தாள். அவற்றுள் எதையும் யாரும் 'ஃபோர்ஸ்' என்று நினைக்கவில்லை. அதனால் எதையும் யாரும் தடுக்கவும் இல்லை.

அதே கணக்கு என் பக்கமும் உண்டு. சுபஹுத் தொழுகைக்குப் பிறகு நான் திரும்பப் படுத்துவிடாமல் உம்மா பிளேன் டீயோடு வந்து நிற்பார். வகுப்பு முடியும் நேரம் வாப்பா கடையை விட்டுவிட்டு வாசலில் காத்திருப்பார். சில நாட்களில் எனக்குச் சலிப்பாகவும் இருக்கும். ஆனால், இந்த விசைகள் நான் போக விரும்பும் திசையிலேயே தாக்குகின்றன. இதற்குச் சரியான தமிழ் ஊக்குவித்தல். என் தோழி என்னைவிடக் கெட்டிக்காரி. அவளுக்குக் குறைந்தது திறமையல்ல, இந்தப் பக்கத்து விசைகள்தான்.

பெற்றோரிடம் பணிவாக ஒன்று கேட்கிறேன். "நாங்க ஃபோர்ஸ் பண்ணல்ல" என்று சொல்வதற்கு முன், அந்த இடத்தில் ஒரு தமிழ்ச் சொல்லை வைத்துப் பாருங்கள். பலவந்தம் இல்லை என்பது சரி. வற்புறுத்தலும் இல்லை. ஊக்குவித்தல் இருந்ததா?

தோழிகளுக்கும் ஒன்று. பெரிய விசை நம் கையில் இல்லாமல் இருக்கலாம். பஸ் தரிப்பிடம் வரை கூடப் போவது, பாடக் குறிப்பைப் பிரதி எடுத்துக் கொடுப்பது, ஒருத்தி ஒரு வாரம் வராவிட்டால் வீட்டுக்குப் போய் விசாரிப்பது எல்லாம் சிறிய விசைகள்தான். ஆனால், விளையுளைக் காணும்போது சிறியவற்றையும் சேர்த்துத்தான் கூட்ட வேண்டும்.

என் தோழி அடுத்த வருடம் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக உயர்தரம் எழுத யோசிக்கிறாள். கடந்த வெள்ளிக்கிழமை என் முதலாம் தவணைக் கொப்பிகளை அவளிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.