உச்சிக்குழி

எம் தங்கை மகனுக்கு ஐந்து வயதாகியும் உச்சிக்குழி மூடவில்லை. எண்ணெய் தேய்க்கும்போதெல்லாம் உம்மா அவ்விடத்தில் விரல் வைத்து, "இன்னும் மெத்தென்றுதான் இருக்கிறது" என்பார்கள். யாம் பொருட்படுத்தவில்லை. பால்பற்கள் விழுமுன்னரே அவற்றின் பின்னே புதுப்பற்கள் முளைத்தன, விரல் நுனிகள் குட்டையாயிருந்தன, முகவாய் உள்வாங்கியிருந்தது. தனித்தனியே கண்ட இக்குறிகளை ஒன்றாகக் கோத்துப் பார்க்க எமக்குத் தெரியவில்லை. ஏழு வயதில் வாசற்படியில் இடறி விழுந்தான். கால் எலும்பு முறிந்தது. அடுத்த ஆண்டு மற்றொரு கால். பிள்ளைக்குச் சரியாக உணவூட்டவில்லையென்று தங்கையைக் குறைகூறியோருள் யாமும் ஒருவர்.

எக்ஸ்ரே படத்தைப் பார்த்த மருத்துவர், எலும்பு வழக்கத்தினும் வெண்மையாய், அடர்த்தியாய் இருப்பதைக் காட்டினார். கெட்டியான எலும்பு ஒடிவானேன் என வினவினோம். எலும்பு ஓயாமல் கரைந்து புதுப்பிக்கப்படுவது. பழையதைக் கரைக்க உதவும் 'கேத்தெப்சின் கே' என்னும் நொதி குறைந்தால், கரையவேண்டியது தங்கிவிடும். வளைந்து தாங்கும் தன்மை போய்விடும் என்றார். கரும்பலகையில் எழுதும் சாக்குக்கட்டி எம் நினைவுக்கு வந்தது.

நோயின் பெயர் பிக்னோடிசோஸ்டோசிஸ். பிரெஞ்சு மருத்துவர்களான மரோட்டோ, லாமி இருவரும் 1962-இல் அதற்குப் பெயரிட்டனர். காரணமான மரபணு 1996-இல் அறியப்பட்டது. பிரான்சின் ஆல்பி நகரில் 1864-இல் பிறந்த ஓவியர் துலூஸ் லாத்ரெக்குக்கும் இந்நோயே இருந்திருக்கலாமென அவ்விருவரும் ஊகித்தனர், மறுப்போரும் உளர். பதின்மூன்றிலும் பதினான்கிலும் அவருடைய தொடையெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாய் முறிந்தன. அவருடைய பெற்றோர் உடன்பிறந்த சகோதரியர் இருவரின் மக்கள்.

"தாயும் தந்தையும் உறவா?" என மருத்துவர் கேட்டபோது தங்கை எம்மைத்தான் பார்த்தாள். மாமன் மகனுக்கே அவளைக் கொடுக்கவேண்டுமென்று பிடிவாதமாய் நின்றவர் யாமே. குறையுள்ள மரபணுவை ஒருவர் மட்டும் சுமந்தால் பிள்ளைக்கு நோய் வராது. இருவரும் சுமந்தால் ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. ஒரே பாட்டனாரின் வழிவந்தோரிடம் ஒரே குறை ஒளிந்திருப்பது எளிது. உறவுத் திருமணம் நமக்கு ஆகுமானதுதான், கடமையன்று. அன்று எமக்குச் சொத்து சிதறாதிருப்பதே பெரிதாய்ப்பட்டது.

இன்று அவன் வணிகவியல் பட்டதாரி. உயரம் 143 சென்டிமீட்டர். இந்நோய் அறிவைத் தீண்டுவதில்லை. பல் பிடுங்கினால் தாடையெலும்பில் புண் கண்டு ஆறாது போகலாம். தாடையே முறியவும் கூடும். ஆகவே பல் மருத்துவரிடம் செல்லுகையில் அவனே நோயின் பெயரை எழுதிக்கொண்டு போகிறான்.

சென்ற ஆண்டு அவன் தங்கையை அதே குடும்பத்தார் பெண் கேட்டு வந்தனர். நோயில்லாத அவளும் அம்மரபணுவைச் சுமக்கக்கூடும். "முதலில் இருவருக்கும் மரபணுப் பரிசோதனை செய்துகொள்வோம்" என்றோம். தேநீரைக் குடிக்காமலே எழுந்து போனார்கள். தங்கை ஒன்றும் சொல்லாமல் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே சென்றாள்.