எலக்ட்ரிக் சைக்கிள்: சிங்கப்பெருமாள் கோவில் டூ ஒரகடம் கணக்கு

சிங்கப்பெருமாள் கோவிலில் வாடகைக்கு ரூம் எடுத்துத் தங்கி, ஒரகடம் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். பெர்மனென்ட் ஆட்களுக்குக் கம்பெனி பஸ் வரும். கான்ட்ராக்டிலும் அப்ரென்டிஸாகவும் இருப்பவர்களில் பலருக்கு அந்த வசதி இல்லை. பைக் வாங்கினால் டியூ, பெட்ரோல், இன்சூரன்ஸ். இப்படிப்பட்டவர்களின் பார்வை இப்போது எலக்ட்ரிக் சைக்கிள் பக்கம் திரும்புகிறது. மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் அதில் போடப் போகிறவர்கள், முதலில் கணக்குப் பார்த்துவிடுவது நல்லது இல்லையா?

முதலில் சட்டம். மோட்டார் சக்தி 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் அது மோட்டார் வாகனம் ஆகாது. லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எதுவும் வேண்டாம். "லாக்கை எடுத்துவிட்டால் 40-ல் போகும்" என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். அந்த நிமிடமே அது பதிவு செய்ய வேண்டிய வண்டியாகிவிடும். விபத்து நடந்தால் மொத்தமும் ஓட்டியவர் தலையில்தான் விழும்.

அடுத்து வரி. எலக்ட்ரிக் சைக்கிளுக்கு 2019 ஆகஸ்டிலிருந்து ஜி.எஸ்.டி. 5 சதவீதம். சாதாரண சைக்கிளுக்கு 12 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் அதுவும் 5 சதவீதம் ஆகிவிட்டது. ஆக, வரியில் இருந்த சலுகை வித்தியாசம் போய்விட்டது.

சரி, மாடல்களுக்கு வருவோம். (விலைகள் எல்லாம் அறிமுகமான போது சொன்னவை.)

1. ஸ்ட்ரைடர் ஜீட்டா பிளஸ் (டாடா குழுமம், 2023): ரூ. 26,995. பேட்டரி 36 வோல்ட், 6 ஆம்பியர் ஹவர். 30 கி.மீ. வரை போகும் என்கிறார்கள்.

2. ஹீரோ லெக்ட்ரோ எச்3 (2022): ரூ. 27,499. பேட்டரி 5.8 ஆம்பியர் ஹவர். பெடல் மிதித்தால் 30 கி.மீ., த்ராட்டிலில் மட்டும் போனால் 25 கி.மீ.

3. ஹீரோ லெக்ட்ரோ எஃப்6ஐ (2021): ரூ. 49,000. பேட்டரி 11.6 ஆம்பியர் ஹவர், கழற்றி எடுக்கலாம். 7 கியர், 60 கி.மீ.

மூன்றிலும் மோட்டார் அதே 250 வாட். சட்டம் அதற்கு மேல் விடாது. ஆகவே கலர், டிஸ்ப்ளே எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி பேட்டரிக்குத்தான். வோல்ட்டை ஆம்பியர் ஹவரால் பெருக்கினால் வாட் ஹவர் வரும். விலையை அதால் வகுத்துப் பாருங்கள். ஜீட்டா பிளஸ் 216 வாட் ஹவர், ஒரு வாட் ஹவருக்கு 125 ரூபாய். எஃப்6ஐ சுமார் 418 வாட் ஹவர், 117 ரூபாய். 49 ஆயிரம் என்றதும் மலைப்பாக இருக்கிறது, ஆனால் பேட்டரி அளவை வைத்துப் பார்த்தால் அதுதான் கொஞ்சம் மலிவு!

இப்போது நம்ம ரோட்டுக்கு வருவோம். ஒரகடம் போக ஏறத்தாழ 12 கி.மீ., போய்வர 24. முப்பது கி.மீ. போகும் சைக்கிள் போதுமே என்று தோன்றும். முதல் வருடம் போதும். லித்தியம் பேட்டரி பயன்படுத்தப் பயன்படுத்தக் கொள்ளளவு குறையும். 20 சதவீதம் குறைந்தால் 30 என்பது 24 ஆகிவிடும். நைட் ஷிப்ட் முடித்து, எதிர்க்காற்றில், சார்ஜ் இல்லாத கனமான சைக்கிளை மிதித்து வருவது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வேலை செய்யும் இடத்தில் சார்ஜ் போட விடுவார்களா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். மாடி ரூம் என்றால் கழற்றும் பேட்டரி அவசியம். ஃப்ரேமுக்குள் பூட்டிய பேட்டரி என்றால் சைக்கிளையே மாடிக்குத் தூக்க வேண்டியதுதான்.

பணக் கணக்கு: மாதம் 25 நாள், 600 கி.மீ. பைக் லிட்டருக்கு 50 கொடுத்தால் 12 லிட்டர், லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்தாலும் 1,200 ரூபாய். ஜீட்டா பிளஸுக்குக் கம்பெனி சொல்வது கி.மீ.க்கு 10 பைசா. அப்படியானால் 60 ரூபாய். மாதம் 1,140 மிச்சம், ஏறக்குறைய 24 மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும்.

ஆனால் தேய்மானத்தை மறக்கக் கூடாது. மூன்று வருட ஆயுள் என்று வைத்தால் மாதம் 750 ரூபாய். அப்போது ஏற்கனவே பைக் வைத்திருப்பவருக்கு நிஜமான மிச்சம் 390 ரூபாய்தான். அதற்காகப் பைக்கை ஓரம்கட்டத் தேவையில்லை. புதிதாக ஏதாவது வாங்கியே ஆக வேண்டும் என்பவருக்குத்தான் சைக்கிள் லாபம், பைக் டியூவும் இன்சூரன்ஸும் சேர்த்தால் கணக்கே வேறு. பேட்டரிக்கு இரண்டு வருடத்துக்குக் குறைவாக வாரண்டி தருகிற மாடலை விட்டுவிடலாம், போட்ட பணம் திரும்பவே அவ்வளவு காலம் ஆகிறதே.

கடைசியாக ஒன்று. அந்த ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் பறக்கும், சைக்கிளுக்கென்று தனிப்பாதை கிடையாது. சட்டம் கேட்காவிட்டாலும் ஹெல்மெட், பின்னால் சிவப்பு விளக்கு, ரிஃப்ளெக்டர் மூன்றுக்கும் ஒரு இரண்டாயிரம் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். எந்த மாடல் வாங்கினாலும் அந்தச் செலவில் மட்டும் பேரம் வேண்டாம்.