தண்டனை முடிந்த பின்னும் தண்டனையா?



குற்றம் புரிந்தவன் தண்டிக்கப்பட வேண்டும் என்பதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால், நீதிமன்றம் விதித்த தண்டனையை முழுமையாக அனுபவித்துவிட்டு வெளியே வருபவன், மற்றவர்களுக்குள்ள உரிமைகள் அனைத்தையும் மீண்டும் பெறலாமா என்ற கேள்வி எழுந்தால், நம்மில் பலர் மௌனமாகிவிடுகின்றோம். இக்கேள்விக்கு வாக்குச் சீட்டின் மூலம் விடையளித்த ஒரு மாநிலத்தின் கதையை முதலில் உங்கள் முன் வைக்கின்றேன்.

அமெரிக்காவில், பெருங்குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டவரின் வாக்குரிமை அந்தந்த மாநிலத்தின் சட்டத்தைப் பொறுத்தது. மெயின், வெர்மாண்ட் ஆகிய மாநிலங்களில் சிறைக்குள் இருப்பவரும் வாக்களிக்கலாம். ஃபுளோரிடாவின் நிலையோ நேர்மாறாக இருந்தது. 1868ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட அம்மாநில அரசியல் சட்டம், பெருங்குற்றவாளிகளின் வாக்குரிமையைப் பறித்தது. அடிமைத் தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் வாக்குரிமை பெறத் தொடங்கிய காலம் அது. தண்டனை முடிந்தாலும், ஆளுநர் தலைமையிலான கருணைக் குழு மனமிரங்கினால்தான் இழந்த உரிமை திரும்பும் என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. 2000ஆம் ஆண்டில் வெறும் 537 வாக்குகளைக் கொண்டு ஜனாதிபதி யார் என்பதைத் தீர்மானித்த மாநிலமும் இதுவே என்பதை எண்ணிப் பாருங்கள்.

2018 நவம்பரில் அம்மாநில மக்களிடமே இக்கேள்வி வைக்கப்பட்டது. கொலை, பாலியல் கொடுமை ஆகிய குற்றங்கள் நீங்கலாக, ஏனைய குற்றங்களுக்குத் தண்டனை முடித்தோர் வாக்குரிமை பெறலாம் என்று நூற்றுக்கு 64 பேருக்கு மேல் தீர்ப்பளித்தனர். ஏறத்தாழ 14 இலட்சம் பேருக்கு வழி திறந்தது. ஆயினும், மறு ஆண்டே சட்டமன்றம் குறுக்கிட்டது. அபராதம், நீதிமன்றக் கட்டணம், பாதிக்கப்பட்டவருக்கான இழப்பீடு ஆகிய அனைத்தையும் செலுத்தினால்தான் தண்டனை முடிந்ததாகக் கொள்ளப்படும் என்று 2019இல் சட்டம் செய்தது. யார் எவ்வளவு பாக்கி என்பதைப் பலருக்கு அரசாலேயே கூற இயலவில்லை. இருந்தும், 2020 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றது. மக்கள் திறந்த கதவைப் பணம் என்னும் பூட்டு அடைத்துவிட்டது.

நம் நாட்டின் சட்டம் வேறு விதமானது. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, சிறையில் இருக்கும் வரை வாக்களிக்க முடியாது. குற்றம் நிரூபிக்கப்படாத விசாரணைக் கைதிக்கும் இதே நிலைதான். 2022ஆம் ஆண்டு முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள் என்னும் அரசுக் கணக்கைப் பார்க்கும்போது, இது எத்துணைப் பெரிய அநீதி என்பது விளங்கும். ஆனால், விடுதலையாகி வெளியே வந்தவுடன் வாக்குரிமை அவரிடம் திரும்பிவிடுகின்றது. எவர் கருணையையும் அவர் யாசிக்க வேண்டியதில்லை. ஈராண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர், விடுதலைக்குப் பின் ஆறாண்டுகள் தேர்தலில் போட்டியிட முடியாது. அத்தடைக்கும் ஓர் எல்லை உண்டு.

சட்டம் திருப்பித் தந்ததை நாம் தருகின்றோமா? இதுவே நான் உங்களிடம் கேட்க விரும்புவது.

சில ஆண்டுகளுக்கு முன், நான் அறிந்த ஒரு ஜமாஅத்தில் நடந்ததைக் கூறுகின்றேன். வேலை பார்த்த இடத்தில் பணத்தைக் கையாடி, மூன்றாண்டுகள் சிறையில் கழித்துத் திரும்பிய ஒருவர், தலைக்கட்டு வரி செலுத்தப் பள்ளிவாசலுக்கு வந்தார். நிர்வாகிகள் வரியை வாங்க மறுத்தனர். வரியை வாங்கினால் அவர் ஜமாஅத்தில் ஒரு தலைக்கட்டு ஆகிவிடுவார். கூட்டத்தில் பேசவும், நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கவும் உரிமை வந்துவிடும் என்பதே காரணம். அவருடைய மகளுக்கோ வரன் முடிவாகியிருந்தது. ஜமாஅத்தில் பெயர் இல்லாதவர் வீட்டு நிக்காஹுக்குத் தஃப்தர் எப்படி வரும்? ஃபுளோரிடாவில் பணம் செலுத்தாததால் உரிமை மறுக்கப்பட்டது. இங்கே உரிமையை மறுப்பதற்காகவே பணம் மறுக்கப்பட்டது. குற்றம் தந்தையுடையது; கண்ணீர் மகளுடையது.

அன்றைய கூட்டத்தில் வயது முதிர்ந்த ஆலிம் ஒருவர் எழுந்து, மக்ஸூம் குலத்துப் பெண்ணின் வரலாற்றை நினைவுபடுத்தினார். மக்கா வெற்றியின்போது களவு செய்த அப்பெண்ணுக்காக உஸாமா (ரலி) அவர்கள் பரிந்து பேசியும், அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தண்டனையைத் தளர்த்தவில்லை என்பதை நாம் அனைவரும் அறிவோம், மேடைகளில் கேட்டிருக்கின்றோம். அவ்வரலாற்றின் பிற்பகுதியை எத்தனை பேர் அறிவோம்? தண்டனைக்குப் பின் அப்பெண்மணி தூய்மையாகத் தவ்பாச் செய்தார், மணம் முடித்தார், தம் தேவைகளுடன் ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்திற்கு வருவார், அன்னையார் அவற்றை நபிகளாரிடம் எடுத்துரைப்பார்கள். தண்டனையில் சிறிதும் வளையாத அதே இல்லத்தின் வாசல், தண்டனைக்குப் பின் அவருக்குச் சிறிதும் அடைக்கப்படவில்லை. மது அருந்தியதற்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவரை மற்றொருவர் சபித்தபோதும், சகோதரனுக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவ வேண்டாம் என்னும் கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள்.

இழந்த தகுதி திரும்புமா என்பது நம் இமாம்கள் ஆழ்ந்து ஆராய்ந்த கேள்வியுமாகும். கற்புள்ள பெண்கள் மீது அவதூறு கூறுவோரின் சாட்சியத்தை ஒருபோதும் ஏற்காதீர்கள் என்று கட்டளையிடும் திருமறையின் ஸூரத்துந் நூர், அதையடுத்துத் தவ்பாச் செய்து திருந்தியோருக்கு விலக்களிக்கின்றது. அவ்விலக்கு எதைக் குறிக்கும்? அவன் பாவி என்ற பெயர் மட்டுமே நீங்கும், சாட்சியத் தகுதி திரும்பாது என்றார்கள் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள். இரண்டுமே திரும்பும் என்றார்கள் இமாம் மாலிக், இமாம் ஷாஃபிஈ, இமாம் அஹ்மத் (ரஹ்) ஆகியோர். ஹனஃபிகளும் ஷாஃபிஈகளும் அடுத்தடுத்து வாழும் நம் தமிழகத்தில், இரு தரப்பும் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. ஹனஃபி மத்ஹபிலும் இந்த நிரந்தரத் தடை அவதூறு என்ற ஒரே குற்றத்திற்குரியது. அதுவும் சாட்சியம் என்ற ஒரே தகுதிக்குரியது. திருந்திய மனிதனை ஊரை விட்டே விலக்கவும், அவன் பிள்ளைகளின் நிக்காஹைத் தடுக்கவும் எந்த மத்ஹபில் ஆதாரம் தேடுவோம்?

“பாதிக்கப்பட்டவனின் கதி என்ன?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அடியார்களுக்குரிய ஹக்கைத் திருப்பிக் கொடுக்காமல் தவ்பா நிறைவடைவதில்லை. எனவே, பறித்த பொருளைத் திருப்பித் தருமாறு கேட்பது நீதியே. ஆனால், கடன்பட்டவன் வறுமையில் இருந்தால் அவகாசம் அளிக்குமாறு கூறுவதும் நம் திருமறைதான். கடன் கடனாக நிற்கட்டும், தவணையில் வசூலிக்கட்டும். அதைக் காட்டி, ஏழையின் குரலைப் பறித்து, பணமுள்ளவனின் குரலை மட்டும் திருப்பித் தருவது நீதியாகாது.

இன்னொன்றையும் கூற வேண்டும். உரிமை வேறு, அமானத் வேறு. வாக்களிப்பதும், உழைத்துப் பிழைப்பதும், ஜமாஅத்தில் ஒருவராக நிற்பதும் உரிமைகள். பைத்துல்மால் சாவியோ, மதரஸாப் பிள்ளைகளின் பொறுப்போ அமானத். அமானத்தை ஒப்படைக்குமுன் சோதித்துப் பார்ப்பது கடமை. திருந்தியவரின் சாட்சியத்தை ஏற்பதற்கு முன், ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்கள் பெரும்பாலும் ஓராண்டு காலம் அவருடைய நடத்தையைக் கவனிக்கச் சொன்னார்கள். காத்திருப்பதற்கும் கால வரையறை வைத்த மார்க்கம் இது. நாமோ ஆயுள் முழுவதும் காக்க வைக்கின்றோம்.

அந்த ஜமாஅத்தில் இறுதியாக வரி பெற்றுக்கொள்ளப்பட்டது, ரசீதும் எழுதப்பட்டது. கணக்குப் பொறுப்பு எதுவும் அவருக்கு அளிக்கப்படவில்லை, அவரும் கேட்கவில்லை. மகளின் நிக்காஹ் அதே பள்ளிவாசலில் நடந்து, தஃப்தரில் பதிவாயிற்று. கசப்பு முழுவதும் தீர்ந்ததென்று நான் கூற மாட்டேன். அவரிடம் ஸலாம் உரைக்காமல் விலகிச் செல்வோர் இன்றும் சிலர் உண்டு.

அருமை வாசகர்களே! உங்கள் ஊரிலும் இத்தகைய ஒருவர் கடைசி ஸஃப்பில் நின்று தொழுதுவிட்டு, எவர் முகத்தையும் பாராமல் வெளியேறிக்கொண்டிருக்கலாம். அடுத்த ஜும்ஆவில் அவருக்கு நீங்கள் முந்திக்கொண்டு ஸலாம் கூறுங்கள். அவர் மகனுக்கு வேலை கேட்டு வந்தால், தந்தையின் பழங்கதையைப் புரட்டாதீர்கள். ஜமாஅத் கூட்டத்தில் அவர் பெயர் வந்தால், அவருக்காக ஒரு சொல் சொல்லுங்கள். நாளை மறுமையில் நம் ஏட்டையும் திறந்து பார்க்கப்போகும் இறைவன், நம் குறைகளை மறைத்து அருள்வானாக! ஆமீன்.