டேப் டிரைவுக்குத் துண்டு போடுவது எப்படி?

கூட்டமான பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிப்பது எல்லோருக்கும் தெரிந்த கலை. துண்டு கிடந்தால் அங்கே யாரும் உட்கார மாட்டார்கள். அதாவது, பெரும்பாலும் உட்கார மாட்டார்கள். இந்த 'பெரும்பாலும்' என்ற சொல்லில்தான் வம்பே இருக்கிறது. பேக்கப் எடுக்கும் சர்வர் அறைகளிலும் இதே கதைதான்.

டேப்பா, இன்னுமா என்று சிரிக்க வேண்டாம். 2011 பிப்ரவரி கடைசியில் ஒரு சாஃப்ட்வேர் கோளாறால் ஜிமெயில் பயனாளர்களில் சுமார் 0.02 சதவீதம் பேரின் மெயில்கள் காணாமல் போயின. கூகுள் அவற்றை டேப்பிலிருந்துதான் மீட்டது. ஆன்லைனில் இல்லாத டேப்பை அந்தக் கோளாறு தொட முடியவில்லை. 2021-ல் வந்த எல்டிஓ-9 வகையில் ஒரே டேப்பில் 18 டெராபைட் கொள்ளும்.

ஆனால் டேப் டிரைவ் விலை அதிகம். ஒவ்வொரு சர்வருக்கும் ஒன்று வாங்கினால், ராத்திரி சில மணி நேரம் ஓடிவிட்டு பகல் முழுக்கச் சும்மா கிடக்கும். காமர்ஸ் படிப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், முடங்கிய முதலீடு! அதனால் நாலைந்து சர்வர்களை ஒரே நெட்வொர்க்கில் இணைத்து டிரைவ்களைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

இங்கேதான் ஆபத்து. ஹார்ட் டிஸ்க்கில் எழுதும்போது எந்த இடத்தில் எழுத வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் சொல்லியாக வேண்டும். டேப் அப்படியில்லை. இப்போது எங்கே நிற்கிறதோ அங்கே எழுதும். முதல் சர்வர் பாதி டேப் எழுதியிருக்கும்போது, இரண்டாவது சர்வரில் ஒருவர் டிரைவ் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு கட்டளை கொடுக்கிறார். லினக்ஸில் 'எஸ்டி0' என்ற பெயரில் டிரைவைத் திறந்தால், மூடும்போது டேப் தானாக ஆரம்பத்துக்குச் சுற்றிவிடும். 'என்எஸ்டி0' என்றால் சுற்றாது. ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம்.

முதல் சர்வருக்கு இது தெரியாது. அது பாட்டுக்கு எழுதிக்கொண்டே போகும், ஆனால் இப்போது டேப்பின் தலைப்பிலிருந்து! பழைய பேக்கப் அழிகிறது. எழுதி முடித்த இடமே டேப்பின் புதிய முடிவாகிவிடுவதால், அதற்குப் பின்னால் இருப்பதையும் சாதாரணமாகப் படிக்க முடியாது.

பேக்கப் சாஃப்ட்வேரே யார் எப்போது என்று முறை வைக்காதா? வைக்கும். ஆனால் அந்த முறை அதற்குக் கட்டுப்பட்டவர்களுக்குத்தான். வெளியிலிருந்து வருபவரைத் தடுக்க வேண்டுமானால் டிரைவே மறுக்க வேண்டும். அதற்காக ஸ்கஸி விதிமுறையில் இரண்டு வழிகள் உண்டு.

பழையது 'ரிசர்வ் - ரிலீஸ்'. ஒரு சர்வர் ரிசர்வ் செய்தால், மற்றவர்கள் சுற்றவோ எழுதவோ சொன்னால் டிரைவ் 'முன்பதிவு மோதல்' என்று திருப்பி அனுப்பிவிடும். இது துண்டு போடுவது மாதிரி. ரீசெட் ஆனாலோ கரண்ட் போய் வந்தாலோ துண்டு பறந்துவிடும். துண்டு போட்டவரே மயங்கி விழுந்தால், அதாவது சர்வர் தொங்கிப் போனால், ரீசெட் செய்யும்வரை சீட் யாருக்கும் கிடைக்காது.

புதியது 'பெர்சிஸ்டென்ட் ரிசர்வ்'. இது பெயர் ஒட்டிய ரிசர்வேஷன் சார்ட். ஒவ்வொரு சர்வரும் 8 பைட் சாவி ஒன்றைப் பதிவு செய்துகொள்ளும். ரீசெட் ஆனாலும் பதிவு நிற்கும். பிடித்தவர் செயலிழந்தால், பதிவு செய்த இன்னொரு சர்வர் அவருடைய சாவியைக் குறிப்பிட்டு உரிமையை முறைப்படி எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் டிரைவ், டிரைவர், பேக்கப் சாஃப்ட்வேர் மூன்றும் இதை ஆதரிக்க வேண்டும். பங்கு போடும் எல்லா சர்வர்களும் ஒரே முறையைப் பின்பற்ற வேண்டும். ஒருவர் துண்டும் மற்றவர் சார்ட்டும் வைத்திருந்தால் சண்டைதான்.

இதற்கு மேலும் ஒரு காவல் தேவை. எழுதி முடித்ததும், டேப் நிற்கும் இடமும் இதுவரை எழுதிய கணக்கும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்க வேண்டும். கேஷ் புக்கில் இருக்கும் இருப்பையும் கல்லாவில் எண்ணிய பணத்தையும் ஒப்பிடுவது போல. ஒத்துப்போகவில்லை என்றால் அந்த டேப்பை உடனே ஓரம் கட்டிவிட்டு வேறு டேப்பில் மறுபடி எடுக்க வேண்டும்.

பேக்கப் தோல்வி அடைந்தால் காலையில் தெரிந்துவிடும், அன்று ராத்திரியே சரிசெய்யலாம். வெற்றி என்று ரிப்போர்ட் வந்தும் உள்ளே ஒன்றும் இல்லாத டேப்தான் பயங்கரம். அது தெரியவரும் நாள், அந்த டேப்பை விட்டால் வேறு வழியே இல்லாத நாளாக இருக்கும்.