புளியந்தீவில் ஒரு மைதானம்

கொழும்புக் கோட்டையிலிருந்து காலையிற் புறப்படும் உதயதேவிப் புகைவண்டி, மாகோ, கல்லோயாச் சந்திகளைத் தாண்டி, காடும் வயலும் குளமுமாக நெடுந்தூரம் ஓடிப் பிற்பகலில் மட்டக்களப்பை அடைகின்றது. நிலையத்தில் இறங்கி, முச்சக்கர வண்டியொன்றில் ஏறிக் கோட்டைமுனைக் கடைத்தெருவைக் கடந்து பாலத்தை அடைந்தோமாயின், இருபுறமும் வாவி விரிகின்றது. அந்த ஒரு கணத்துக்காகவே பயணத்தின் அலுப்பை எல்லாம் நாம் ஆண்டுதோறும் பொறுத்துக்கொள்கின்றோம். பாலத்துக்கு அப்பால் உள்ளது புளியந்தீவு.

தீவு என்றவுடன் வாசகர்கள் பெரிய நிலப்பரப்பொன்றை எண்ணிவிடலாகாது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய மட்டக்களப்பு வாவியிலே கிடக்கும் சிறிய நிலத்துண்டு இது. ஒரு மாலைப்பொழுதில் நடந்தே சுற்றிவந்துவிடலாம். போர்த்துக்கீசர் 1628இல் எழுப்பி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை நீரோரம் நிற்கின்றது. 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் தொடக்கிவைத்த மெதடிஸ்த மத்திய கல்லூரியும், 1873இல் தோன்றிய புனித மிக்கேல் கல்லூரியும் இங்கேதான் உள்ளன. கோட்டையைப் பற்றியும், நிலாக்காலத்திற் பாடும் மீன்களைப் பற்றியும் எழுதியோர் பலர். இம்முறை எம்மைப் பிடித்து இருத்தியது ஒரு மைதானம். ஆகவே, மீன்கள் பொறுத்தருள்க.

நாம் தங்கியது நாம் பிறந்த வீட்டில். எனினும் அது எமது வீடன்று. மட்டக்களப்பிலே வீடும் வளவும் பெண்மக்களுக்குச் செல்வதே மரபு. அம்மம்மாவிடமிருந்து அம்மாவுக்கும், அம்மாவிடமிருந்து தங்கைக்கும் வந்த வீடு அது. மைத்துனர் மணஞ்செய்து அங்கே வந்து குடியேறியவர்; நாமோ விருந்தினர். குடி என்பதும் இங்கே தாய்வழியே எண்ணப்படுகின்றது. கோயில் வண்ணக்கராக அமர்பவர் ஆண்மகனே எனினும், அவருக்கு அவ்வுரிமையைத் தருவது தாயின் குடி. பிற ஊர் நண்பர்கள் இதனைக் கேட்டு வியப்பதுண்டு. வியப்பு அடங்குமுன் மற்றொன்றையுஞ் சொல்லிவிட வேண்டும். இத்தனை உரிமையும் பெரும்பாலும் வளவு வேலியோடு நின்றுவிடுகின்றது. வீதியைத் தாண்டி மைதானத்துக்குள் அது வருவது அருமை.

எம் மருமகளுக்கு வயது பதினான்கு. பாடசாலைப் பெண்கள் அணியிலே உதைபந்தாட்டம் ஆடுகின்றாள். இவ்வாண்டோடு அது போதும் என்று தங்கை முடிவு செய்திருப்பதை நாம் சென்ற அன்றிரவே அறிந்தோம். “மறுகா எல்லாரும் கதைக்கத் தொடங்கிருவாங்க அண்ணா” என்பது அவள் கூறிய ஒரே காரணம். மருமகள் மறுமொழி பேசவில்லை. தட்டிலிருந்த புட்டை உருட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. வெயில் தாழ்ந்தபின் அவளை அழைத்துக்கொண்டு வாவிக்கரைப் பக்கமாக நடந்தோம். வழியில் ஒரு வெளியில் இரு இளைஞர் குழுக்கள் பயிற்சி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தன. மாணவர் சிலர், வண்டி திருத்தும் கடைகளில் வேலை பழகுவோர் சிலர், விடியலில் வலைக்குப் போய் வந்தவர்களும் இருந்திருக்கலாம். காற்றிலே உவர்மணம் வீசிற்று. குட்டைச் சுவரொன்றிலே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அமர்ந்திருந்தார். எம்மை நெடுநாளாக அறிந்தவர். அவரருகே அமர்ந்தோம்.

சற்று நேரம் சென்றபின் மருமகள் மெல்லச் சொன்னாள்: “மாமா, வலப்பக்கத்துப் பின்களப் பொடியன் ஒவ்வொரு தரமும் பந்தையே பார்க்கிறான். தனக்குப் பின்னால ஓடுறவனைப் பார்க்கிறான் இல்ல.”

இரண்டு நிமிடமும் ஆகவில்லை. அதே பக்கத்தால் ஒருவன் ஓடிவந்து பந்தைக் கம்பத்துக்குள் அடித்தான்.

ஆசிரியர் திரும்பிப் பார்த்தார். “ஆரு மனே இது?”

“தங்கச்சிட மகள், சேர்.”

“நல்ல கண் இவக்கு. ஆம்பிளைப் பிள்ளையாப் பிறந்திருந்தா ஒரு பயிற்றுநரா வந்திருப்பா.”

“பொம்பிளை எண்டா ஏலாதா சேர்?” என்றாள் அவள்.

அவர் கோபிக்கவில்லை. “பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பழக்கலாம் மகள். காசு வாங்கி விளையாடுற ஆம்பிளைகளுக்கு ஒரு பொம்பிளை கட்டளை போட்டா, அவனுகள் கேப்பானுகளா?”

“வெபர் சுவாமி அமெரிக்கர்தானே சேர்? அவங்கட ஊரில பந்தைக் கையில தூக்கிக்கொண்டு ஓடுறதுக்குத்தான் ஃபுட்போல் எண்டு பேர். அவர் சொன்னதை எங்கட ஆக்கள் கேட்டாங்கதானே?”

ஆசிரியர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

வெளியூர் வாசகர்களுக்கு இந்தச் சிரிப்பின் காரணத்தைச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பு நகரின் விளையாட்டரங்கு வெபர் என்னும் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அமெரிக்காவின் நியூ ஓர்லீன்சிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி ஹரோல்ட் வெபர், புனித மிக்கேல் கல்லூரி மாணவர்க்கு விளையாட்டுக்களைப் பழக்கி, வாழ்நாளின் பெரும்பகுதியை இவ்வூரிலேயே கழித்தவர். மொழி வேறு, நாடு வேறு, கோலம் வேறு. ஆயினும் அவர் சொல்லை இவ்வூர் இளைஞர் தலைமேற் கொண்டனர். விளையாட்டைக் கற்பிப்பவர் விளையாடுபவரைப் போலவே இருத்தல் வேண்டுமென்ற நியதி மட்டக்களப்பில் என்றோ உடைந்துவிட்டது. பெண்ணென்று வரும்போது மட்டும் அதனை நாம் ஒட்டவைக்க முயல்கின்றோம்.

“சரி மனே,” என்று எம் பக்கம் திரும்பினார் ஆசிரியர். “உலகத்தில எங்கயாவது இது நடந்திருக்கா?”

நடந்திருக்கின்றது. அறிந்தவற்றைச் சொன்னோம்.

பிரான்சு நாட்டின் இரண்டாம் பிரிவுக் கழகமாகிய கிளெர்மோன், 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் எலேனா கோஸ்தா என்னும் போர்த்துக்கல் பெண்மணியைத் தலைமைப் பயிற்றுநராக அறிவித்தது. ஓர் ஆட்டமும் நடக்குமுன், அடுத்த மாதமே அவர் விலகிவிட்டார். தம்மைக் கேளாமலே வீரர்களைச் சேர்த்ததும், நட்புமுறை ஆட்டங்களை ஒழுங்கு செய்ததும் அவர் கூறிய காரணங்கள். கவனித்தல் வேண்டும்: வீரர்கள் கீழ்ப்படியாததால் அவர் விலகவில்லை. பதவியைத் தந்தவர்கள் அதிகாரத்தைத் தரவில்லை என்பதே அவரது குறை.

அவரிடத்துக்கு வந்தவர் கொரின் தியாக்கர். பிரான்சின் தேசிய மகளிர் அணிக்காக 121 ஆட்டங்கள் ஆடியவர். முதல் ஆட்டத்தில் அவரது அணி தோற்றது. தோற்றவுடன் உலகமே ‘பார்த்தீர்களா’ என்று கேட்கும் நிலை ஆண் பயிற்றுநருக்கு வாய்ப்பதில்லை, அவருக்கு வாய்த்தது. ஆனால் அவர் நின்றார். அப்போது இருபது கழகங்கள் மோதிய அப்பிரிவிலே முதற் பருவத்தில் 12ஆம் இடம். அடுத்த பருவத்தில் 7ஆம் இடம். மூன்று பருவங்கள் அங்கே பணியாற்றி, 2017இல் தேசிய மகளிர் அணியின் பயிற்றுநராகச் சென்றார்.

“கேட்டிருக்கானுகள் அப்ப,” என்றார் ஆசிரியர்.

ஹொங்கொங் செய்தி இன்னும் சுவையானது. 2015 டிசம்பரிலே ஈஸ்டேர்ன் கழகம் சான் யுவென் டிங் என்னும் இளம் பெண்ணிடம் தன் ஆடவர் அணியை ஒப்படைத்தது. அப்போது அவருக்கு வயது 27. அடுத்த ஏப்ரலில் அக்கழகம் 21 ஆண்டுகளுக்குப் பின் நாட்டின் முதற்பிரிவுக் கிண்ணத்தை வென்றது. ஆடவர் தொழில்முறை அணியொன்றை ஒரு நாட்டின் முதற்பிரிவிலே வாகை சூடச் செய்த முதற் பெண் என்று உலக சாதனைப் புத்தகம் அவர் பெயரைப் பொறித்தது. மறு ஆண்டு ஆசியக் கழகங்களின் சுற்றுப்போட்டிக்குச் சென்றபோது, முதல் ஆட்டத்திலே சீனத்தின் குவாங்சோ அணியிடம் 7–0 என்று வீழ்ந்தார்கள். எதிரணியின் பயிற்றுநர், 2002இல் பிரேசிலுக்கு உலகக்கிண்ணம் வென்று கொடுத்த ஸ்கொலாரி. இதையும் மருமகளுக்கு மறைக்காமற் சொன்னோம். வென்ற கதையை மட்டும் சொல்வது பிள்ளைகளை ஏமாற்றுவதாகும்.

அவளோ தோல்வியைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. “இருபத்தேழு வயசிலயா?” என்று மட்டும் கேட்டாள்.

ஜெர்மனியின் இங்கோல்ஸ்டாட் கழகம், மூன்றாம் பிரிவில் ஆடும் தன் ஆடவர் அணியை 2024இல் சப்ரினா விட்மனிடம் கொடுத்தது. தமிழரிடையே ஆடவர் தொழில்முறைக் கழகத்துப் பெண் பயிற்றுநர் ஒருவரைச் சொல்ல எம்மால் இயலவில்லை. ஆனால் ஊதுகுழல் ஏந்தியவர் ஒருவர் உண்டு. திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி, ஆட்டக்காரியாகத் தொடங்கி, 2016இல் உலக உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் மத்தியஸ்தர் வரிசையில் இடம்பெற்றார். மத்தியஸ்தரின் சொல் மைதானத்திலே கடைசிச் சொல்லென்பதை ஆசிரியர்க்கு நாம் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

விளையாட்டின் தாய்நாடென்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் இங்கிலாந்திலே இது ஏன் இவ்வளவு பிந்திற்று என்று கேட்டாள் மருமகள். அதற்கொரு பழங்கதை உண்டு. 1920 டிசம்பர் 26ஆந் திகதி, லிவர்ப்பூல் நகரின் குடிசன் பார்க் மைதானத்தில் டிக் கேர் மகளிர் அணியின் ஆட்டத்தைக் காண 53,000 பேர் வரையிற் கூடினர். மறு ஆண்டு டிசம்பரிலே, இவ்விளையாட்டு பெண்களுக்கு ஏற்றதன்று என்று கூறி, தன் கழகங்களின் மைதானங்களைப் பெண்களுக்குக் கொடுக்கலாகாதென உதைபந்தாட்டச் சங்கம் தடைவிதித்தது. தடை நீங்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் சென்றன. பெண்ணொருவர், ஹனா டிங்லி, இங்கிலாந்தின் ஆடவர் தொழில்முறை அணியொன்றுக்குத் தலைமைப் பயிற்றுநராக, அதுவும் தற்காலிகமாக, அமர்ந்தது 2023 ஜூலையிலேதான்.

பயிற்றுநர் வானத்திலிருந்து குதிப்பவரல்லர். சிறுவயதில் ஆட வேண்டும். இளமையில் தொடர்ந்து ஆட வேண்டும். பின்னர் ஆசியக் கூட்டமைப்பின் சி, பி, ஏ என்ற சான்றிதழ்ப் படிகளை ஒவ்வொன்றாக ஏறி, இறுதியிலே தொழில்முறைச் சான்றிதழைப் பெற வேண்டும். முதற்படியிலே, பதினான்கு வயதிலே, பிள்ளையை வீட்டுக்கு அழைத்துக்கொண்டால், இருபது ஆண்டு கழித்துப் ‘பெண்களில் தகுதியானவர் யார் இருக்கிறார்கள்’ என்று கேட்பது எங்ஙனம் நியாயமாகும்? இதனை நாம் சற்று உரக்கவே கூறிவிட்டோம் போலும். மைதானத்து இளைஞர் இருவர் திரும்பிப் பார்த்தனர்.

ஆசிரியர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின், எம்மிடமன்று, மருமகளிடமே கேட்டார்: “கொம்புமுறி பார்த்திருக்கிறயா மகள்?”

அவள் பார்த்ததில்லை. இக்காலத்தில் அது அரிதாகிவிட்டது. கண்ணகை அம்மன் வழிபாட்டோடு சேர்ந்த விளையாட்டு அது. மழை வேண்டியும் நோய் நீங்கவும் ஊரே இரு கட்சியாகப் பிரிந்து, வளைந்த இரு கொம்புகளை ஒன்றோடொன்று கோத்து, கயிறு கட்டி, ஒன்று முறியும்வரை இழுப்பார்கள். வடசேரி கோவலன் கட்சி. தென்சேரி கண்ணகி கட்சி.

“தென்சேரிக்கு இழுத்தவனுகள் எல்லாம் ஆம்பிளைகள்தான்,” என்றார் அவர். “ஆருட பேரைச் சொல்லி இழுத்தானுகள்?” சொல்லிவிட்டு எழுந்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டாரோ இல்லையோ, நாம் அறியோம். எழுபது கடந்தவரிடம் அதனைத் துருவிக் கேட்பதும் மரியாதையன்று.

திரும்பும் வழியில் மருமகள் ஒரு கல்லை உதைத்துக்கொண்டே வந்தாள். கோட்டையடிக்கு வந்தபோது வாவி செம்பு நிறமாகியிருந்தது. தோணியொன்று அசையாது நின்றது.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தங்கையிடம் நாம் இதுபற்றி எதுவும் பேசவில்லை. அவள் வீட்டில் அவள் முடிவுக்கு எதிராகப் பேசுவதற்கு விருந்தினர்க்கு உரிமையில்லை என்பது முதற் காரணம். மருமகளே அடுக்களையில் அமர்ந்து, தேங்காய் துருவியபடி, ஹொங்கொங் பெண்ணின் கதையைத் தாய்க்குச் சொல்லிக்கொண்டிருந்தது இரண்டாவது காரணம். ஏழு கோல் வாங்கியதையும் அவள் விடவில்லை. அடுப்படியிலிருந்து தங்கையின் குரல் கேட்டது: “மறுகா, அவவ நிப்பாட்டிப் போட்டாங்களா?” “இல்லம்மா. அதுக்குப் பிறகும் நிண்டு, ஒரு ஆட்டத்தில சமநிலை எடுத்தவ.” அதன்பின் துருவும் ஓசை மட்டும் கேட்டது.

திங்கள் விடியுமுன் பெட்டியைக் கட்டிக்கொண்டு விறாந்தைக்கு வந்தோம். தூறல் தொடங்கியிருந்தது. மருமகள் உறங்கிக்கொண்டிருந்தாள். வழியனுப்ப வந்த தங்கை, சேலைத் தலைப்பைத் தலைமேற் போட்டுக்கொண்டு முற்றத்தில் இறங்கி, மதில்மேற் காயவைத்திருந்த விளையாட்டுச் சப்பாத்துக்கள் இரண்டையும் எடுத்துவந்து உள்ளே வைத்தாள்.

“நனைஞ்சா மறுகா காலைக் கடிக்கும்” என்றாள்.

வாசலில் முச்சக்கர வண்டி வந்து நின்றது.